உங்கள் கம்ப்யூட்டரை நான் தூக்கிப் போடவில்லை

என்னங்க,

கல்யாணமான மறுநாளிலிருந்து உங்களை நான் கூப்பிட்டது இப்படித்தான். நினைவுநாள் என்பதற்காகப் புதிதாக ஒரு பெயர் தேடப் போவதில்லை. 'என் உயிரினும் மேலானவரே' என்று தொடங்கினால், யாரோ யாருக்கோ எழுதுகிறார்கள் என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

போன வருஷம் போலவே பேப்பரில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே 'கண்ணீருடன்' என்று அச்சடித்து, குடும்பத்தார் பெயர்களை வரிசையாகக் கொடுக்கலாம் என்றான் நம் பிள்ளை முரளி. வேண்டாம் என்றேன். நான் கண்ணீருடன் இல்லை. வேலையுடன் இருக்கிறேன், சில நாள் முழங்கால் வலியுடன் இருக்கிறேன், பல நாள் கோபத்துடன் இருக்கிறேன். அதனால் நம் நகர்ச் சங்க மலரில் இடம் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். உங்கள் கம்ப்யூட்டரில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம், அது இன்னும் ஓடுகிறது. அது ஓடுகிற கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உங்களுக்கு வேண்டிய செய்தி. மேட்டூர் திறந்துவிட்டார்கள். புது ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. ரயில்வே கேட்டுக்கு அப்பால் குறுவை நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. பாதி வயலில் மெஷின் நடவு, வரிசை நூல் பிடித்தாற்போல் இருக்கிறது. பாசனப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் அணையின் நீர்மட்டத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்து, அடுப்படி வாசலில் நின்று அடி கணக்கில் எனக்கு ஒப்பிப்பீர்கள். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது நானே பார்க்கிறேன். ஒப்பிக்கத்தான் ஆள் இல்லை.

ஜெசிந்தாவை நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் உங்களுக்கு ஊசி போட வந்த நர்ஸ். 'வலிக்காது ஐயா' என்று தினமும் ஒரே பொய்யைச் சொல்வாளே, அவள்தான். நீங்கள் போன பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டுமாம். எழுத்தில் தேறிவிடுகிறாள், பேச்சில் போய்விடுகிறது. "நீங்க கான்வென்ட்ல படிச்சு, கான்வென்ட்லயே பாடம் எடுத்தவங்கன்னு ஐயா பெருமையா சொல்லுவாங்க டீச்சர். எனக்குக் கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டாள். நீங்கள் பெருமையாகச் சொன்னீர்களா? என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லையே.

அவளுக்குச் சொல்லித் தந்தேன். அவள் வழியாக அவளோடு படித்தவர்கள் வந்தார்கள். பேராவூரணியில் சுதா, வேளாங்கண்ணியில் ஸ்டெல்லா, இன்னும் இரண்டு பேர். எல்லோரும் வேலை பார்க்கிறவர்கள், குழந்தை குட்டி உள்ளவர்கள். தஞ்சாவூருக்கு வந்து போக முடியாது. அதனால் மாலையில் உங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஜெசிந்தா வாங்கி மாட்டிய சின்னக் கேமராவில் முகம் காட்டி வகுப்பு எடுக்கிறேன். பழைய கம்ப்யூட்டருக்குத் தோதான இலகுவான மென்பொருளை ஜெசிந்தாவின் கணவர் போட்டுத் தந்தார். ஜெசிந்தா மட்டும் டியூட்டி முடிந்து நேரே இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

வயது கூடிய மாணவிகளுக்குச் சொல்லித் தருவது எனக்குப் பிடித்திருக்கிறது. தவறைத் திருத்தினால் முகம் சுளிப்பதில்லை. திருத்தாமல் விட்டால்தான் கேட்கிறார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு இந்தக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இரண்டு முகம் வரை தாங்கும். மூன்றாவது முகம் வந்தால் படம் நின்றுவிடும். ஒரு நாள் சுதா, நெஞ்சு வலியோடு வந்த நோயாளியைப் பற்றி டாக்டரிடம் சொல்வது போலப் பேசிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தபடியே உறைந்துபோனாள். திரும்பி வந்தபோது அவளுக்கு எதிலே விட்டோம் என்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இது வாரம் முழுக்க நடந்தது. இரண்டு பேர் "வேற இடத்துல சேந்துட்டோம் டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று செய்தி அனுப்பினார்கள். தப்பாக நினைக்கவில்லை. தேர்வு யாருக்காகவும் காத்திருக்காது.

அந்தச் செய்தி எப்படியோ முரளியின் காதுக்குப் போயிற்று. போன் செய்தான்.

"அம்மா, அது உன் பேத்தியைவிடப் பெருசு. இன்னும் எவ்வளவு நாள்தான் ஓடும்? தூக்கிப் போடு."

"போட்டுட்டு?"

"இங்க வந்துடு. பெங்களூர்ல உனக்கு ரூம் ரெடியா இருக்கு. புது லேப்டாப் வாங்கி உன் மேஜையில வெச்சிருக்கேன். இங்க உக்காந்து கிளாஸ் எடு. யார் வேண்டாங்கறா?"

"அந்த லேப்டாப்பைப் பார்சல்ல இங்க அனுப்பேன்."

"அனுப்பலாம்மா. ஆனா நீ அங்க தனியா..."

புரிந்துவிட்டது. லேப்டாப்பை அந்த அறையோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறான். அறை வேண்டாம், லேப்டாப் மட்டும் என்றால் கிடைக்காது. மாதக் கடைசியில் காரோடு வருவதாகவும், வீட்டை வாடகைக்கு விட ஒரு பேங்க் குடும்பத்திடம் பேசி வைத்திருப்பதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். என் வீட்டை வாடகைக்கு விடப் பேசியாகிவிட்டது, என்னிடம் மட்டும் பேசவில்லை.

நானே ஒரு புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்க முடியாதா என்று கேட்பீர்கள். என் பென்ஷன் அதற்குப் போதும். ஆனால் கேளுங்கள். 'தூக்கிப் போடு' என்ற முதல் பேச்சுக்கு நான் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டால், இரண்டாவது பேச்சுக்கு வீட்டைப் பூட்ட வேண்டிவரும். எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்க வேண்டும். நான் கம்ப்யூட்டரில் நின்றேன். மாதக் கடைசிக்குள் அது தடங்கல் இல்லாமல் வகுப்பு நடத்த வேண்டும். முரளி வந்து தன் கண்ணால் பார்க்க வேண்டும். அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

என்ன குறை என்று ஜெசிந்தாவின் கணவரிடம் போனில் கேட்டேன். மெமரி போதவில்லை, இன்னொன்று சேர்த்தால் சரியாகும் என்றார். எனக்கு உடனே விளங்கியது. நீங்கள்தான் ஒருமுறை சொன்னீர்களே. பத்தாயம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் களம் சின்னதாக இருந்தால் அறுப்பு வேலை ஓடாது, கதிரைக் கொண்டுவந்து போட்டு அடிக்க இடமில்லாமல் வண்டி வரப்பிலேயே நிற்கும், மெமரி என்பது அந்தக் களம் என்று. எங்கள் கான்வென்ட்டில் விஞ்ஞானம் நடத்திய சிஸ்டர்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. களத்தை அகலப்படுத்த வேண்டும், அவ்வளவுதானே.

கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரை வரவழைத்தேன். தோளில் பை, காதில் போன். உள்ளே வந்ததும் உங்கள் சிபியுவைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்கா வரச் சொன்னீங்க பாட்டிம்மா? இதை மியூசியத்துல வெக்கலாம்."

"நான் உங்களுக்குப் பாட்டி இல்லை. மேடம்னு கூப்பிடுங்க. மியூசியம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். மெமரி இருக்கா, இல்லையா?"

"இருக்குங்க மேடம். இந்த ரகம் புதுசு வர்றதில்ல. பழசுதான்."

மூடிப்போன ஒரு நெட் சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பிரித்து எடுத்தவை அவர் பையில் ஒரு டப்பா நிறைய இருந்தன. சீப்பு போலப் பச்சையாக ஒன்றை எடுத்தார். இந்தப் பலகையில் மெமரி செருக இரண்டு இடம் உண்டு, ஒவ்வொன்றிலும் இவ்வளவுக்கு மேல் ஏற்காது, அதனால் ஏற்கெனவே இருப்பதை எடுக்காமல் காலி இடத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்று சொன்னார். சரி என்றேன். செருகினார். சுவிட்சைப் போட்டார்.

திரை இருட்டாகவே இருந்தது. உள்ளேயிருந்து 'பீப் பீப்' என்று நிற்காமல் ஒரு சத்தம். எடுத்துச் செருகினார். அதே சத்தம். பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதைப் போட்டார், ஓடியது. ஆக மெமரி நன்றாகத்தான் இருக்கிறது. காலியாக இருந்த இடத்தில்தான் கோளாறு. போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்.

"இந்த ஸ்லாட் போச்சுங்க மேடம். உப்பு பூத்துருக்கு, மஞ்சளாத் தெரியுது பாருங்க. எப்பவோ தண்ணி எறங்கியிருக்கு. போர்டே மாத்தணும், அந்த போர்டு இப்ப கிடைக்காது. பேசாம எடைக்குப் போட்டுடுங்க."

"தண்ணி எப்படி எறங்கும்?"

"மழை சாரல் அடிச்சிருக்கும்."

"இந்த வீட்டுல மழை உள்ள வந்ததில்ல."

"புயலப்ப வந்திருக்கும் மேடம்."

"புயல்ல தென்னை விழுந்துச்சு. தண்ணி வரல."

அவர் வாதாடவில்லை. வேறொரு வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. மெமரியை மேஜையில் வைத்துவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். பழையது மட்டும் இருக்க, கம்ப்யூட்டர் முன்போலவே திணறிக்கொண்டு ஓடியது. அன்று மாலை வகுப்பில் ஸ்டெல்லாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. "டீச்சர், நீங்க கெணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் கூடத்துக்குள் வரும் நேரம் பார்த்து, சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றி ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்தேன். இந்த வீட்டில் தண்ணீர் இறங்கவில்லை என்று நான் சொல்லிவிட்டேன். சொன்னதை நிரூபிக்காமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை.

தூசிக்குக் கீழே மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. உப்பு என்றால் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். இது வழவழப்பாக வெடித்திருந்தது. வட்டமாக வேறு இருந்தது. வட்டத்தின் நடுவில் மங்கலாகச் சிவப்பு.

என்னங்க, எத்தனை வருஷம் ஃபிரிட்ஜிலும் மிக்சியிலும் ஸ்கூட்டரிலும் அந்த வட்டத்தைப் பார்த்திருக்கிறேன். மோதிர விரலால் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், இரண்டும் கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்து. நீங்கள் வைத்த பொட்டு.

உங்கள் கடைசி ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது. நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் திருப்புளியை வைத்துக்கொண்டு சிபியு பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"அங்க என்ன பண்றீங்க?"

"உள்ள ஒரு எடம் காலியா இருக்கு வசந்தா. இதுல ஒண்ணு போட்டா வேகமா ஓடுமாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"சரி, கையைக் கழுவிட்டு வாங்க."

தூசி தட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். ஷட்டர் திறக்கும் நாளில் மதகுக்குப் பொட்டு வைத்துப் பழகிய கை அல்லவா? தண்ணீர் எந்த வாய் வழியாக வர வேண்டுமோ அந்த வாயில்தான் வைப்பீர்கள். வரப்போகிற மெமரிக்கும் வழி பார்த்து, அது வந்து உட்கார வேண்டிய இடத்திலேயே வைத்திருக்கிறீர்கள். அதுவும் மதகுக்கு வைப்பது போலத் தாராளமாக. சந்தனம் அந்த மெல்லிய பிளவுக்குள் இறங்கிக் கம்பிகளை மூடிவிட்டது. தண்ணீருக்கு வைத்த பொட்டு தண்ணீரைத் தடுக்காது. இது தடுக்கும் என்று ஒரு பொறியாளருக்குத் தோன்ற வேண்டாமா?

கோபம் வந்தது. கோபப்பட்டுக்கொண்டே எவ்வளவு நேரம் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது மட்டும் தெரியும்.

ஜெசிந்தா மாதா கோயில் பூசை முடிந்து மல்லிகைப்பூவோடு வந்தாள். காட்டினேன். குனிந்து பார்த்தாள். பொறுமையாகப் பையைத் திறந்து ஸ்பிரிட் புட்டியை எடுத்தாள். துடைப்பத்திலிருந்து புது ஈர்க்குச்சி ஒன்றை உருவி, நுனியில் பஞ்சை மெல்லிசாகச் சுற்றினாள். பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு கை நின்றுவிட்டது.

"டீச்சர், இது ஐயா வெச்ச பொட்டுங்க."

"தெரியுது."

"தொடைச்சா பரவாயில்லையா?"

"புண்ணுல சீழ் இருந்தா கும்பிட்டுட்டா உக்காந்திருப்பே?"

"ஐயாவைப் போயி சீழுங்கறீங்களே டீச்சர்."

"ஐயாவைச் சொல்லல. அவர் சந்தனத்தைச் சொல்றேன். குடு இங்க."

ஈர்க்குச்சியை அவள் கையிலிருந்து வாங்கி நானே துடைத்தேன். முதல் இழுப்பில் குங்குமம் பஞ்சில் ஏறியது. பிறகு சந்தனம் ஊறி ஊறி வந்தது. ஜெசிந்தா பஞ்சு மாற்றித் தந்துகொண்டே இருந்தாள். "மெதுவா டீச்சர், ஒரே பக்கமா இழுங்க" என்று ஆபரேஷன் தியேட்டர் குரலில் சொன்னாள். கடைசியில் கம்பிகள் பொன்னிறமாகத் தெரிந்தன.

அந்தப் பஞ்சை எடுத்துப் பத்திரப்படுத்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்று இதைப் படிக்கிறவர்கள் எதிர்பார்க்கக்கூடும். குப்பையில் போட்டேன். உங்கள் கை பட்ட பொருள் இந்த வீட்டில் வேறு எவ்வளவோ இருக்கிறது. வேலை செய்ய வேண்டிய இடத்தில் உங்களை நான் வைத்துக்கொள்ள முடியாது. செய்தது சரிதானே?

சாப்பாட்டு நேரம் வரை காய விட்டோம். பிறகு மெமரியைச் செருகி இரண்டு ஓரத்திலும் கட்டை விரலால் அழுத்தினேன். 'டிக்' என்று இரண்டு பக்கமும் பிடித்தது. சுவிட்சைப் போட்டேன். ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம். மெமரி கணக்கைத் திறந்து பார்த்தால், இருந்ததைப் போல இரண்டு பங்கு. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"உங்க உப்பு, உப்பு இல்ல. சந்தனம். மெமரியை நானே வெச்சுக்கறேன்."

"சந்தனமா? மேடம், நல்லவேளை சார் தேங்கா ஒடைக்கல."

உங்களைத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர்.

அதன் பிறகு வகுப்பு தடங்கல் இல்லாமல் நடந்தது. விலகிப்போன இரண்டு பேரில் ஒருத்தி திரும்பி வந்தாள். ஏன் போனாய் என்றும் கேட்கவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. வீட்டுப்பாடம் எங்கே என்று மட்டும் கேட்டேன்.

மாதக் கடைசியில் முரளி வந்தான். கார் டிக்கியிலிருந்து இரண்டு பெரிய பெட்டிகளை இறக்கினான். தூக்கியபோதே தெரிந்தது, இரண்டும் காலி. என் புடவைகளுக்கு. சாப்பாடு போட்டேன். மாலையில் வகுப்பு நேரத்துக்கு, "கேமராவுல விழாம பின்னாடி உக்காரு" என்று நாற்காலியைக் காட்டினேன்.

அன்றைக்குப் பாடம், நடக்கச் சிரமப்படும் ஒரு வயதான நோயாளியிடம் வாக்கர் பிடித்து நடக்கும்படி நர்ஸ் பேசுவது. முரளிக்காக நான் தேர்ந்தெடுத்த பாடம் இல்லை, தேர்வில் வருவது. நம்பினால் நம்புங்கள். ஸ்டெல்லா நர்ஸ், ஜெசிந்தா நோயாளி. ஸ்டெல்லா ஆங்கிலத்தில் கடகடவென்று, இனிமேல் நீங்கள் இதைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும், வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டாள்.

"நிறுத்து," என்றேன். "இலக்கணம் சரி. ஆனா அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அவங்களுக்கு என்ன பயம், எங்க வலிக்குதுன்னு முதல்ல கேளு. கேக்காம உத்தரவு போட்டா மார்க் போயிடும்."

எல்லா முகமும் அசையாமல், உடையாமல் திரையில் இருந்தன. பின்னால் நாற்காலி லேசாக நகரும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

வகுப்பு முடிந்து ஜெசிந்தா போன பிறகு முரளிக்குக் காபி கொடுத்தேன்.

"நல்லா ஓடுதும்மா."

"ம்."

"சரி. அப்ப இவங்க பரீட்சை முடியற வரைக்கும் நீ இங்கயே இரு. உன் மருமககிட்ட நான் சொல்லிக்கறேன். பேங்க்காரங்ககிட்டயும் சொல்லிடறேன்."

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைப்பீர்கள். இத்தனை நாள் எதற்காகப் பாடுபட்டேனோ அது நடந்துவிட்டது. ஆனால் என் மகன் எனக்கு அனுமதி தருகிறான், அதுவும் தவணை போட்டு. இந்த வீட்டில் இருக்க எனக்கு அனுமதி வேண்டும் என்று நானேதானே அவனுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன், இந்த ஒரு மாதமாக?

"முரளி, இது ஓடாம இருந்திருந்தா?"

"என்னம்மா பண்றது? வந்திருப்ப."

"வந்திருக்க மாட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தான். "அப்ப எதுக்கு இவ்வளவு பாடு?"

"கிளாஸ் நடக்கணும்னு. நான் இங்க இருக்கறதுக்கு அது காரணம் இல்ல. இந்தக் கிளாஸ் நாளைக்கே நின்னாலும் நான் இங்கதான் இருப்பேன். ஒண்ணுமே செய்யாம ஜன்னல் பக்கம் உக்காந்திருப்பேன். அது என் இஷ்டம்."

கோபித்துக்கொண்டு எழுந்து போவான் என்று நினைத்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அப்பா போன அன்னிக்கு, சீரியஸ்னு போன் வந்துது. உடனே கார எடுத்தேன். ஓசூர் தாண்டும்போது ரெண்டாவது போன், போயிட்டார்னு. அதுக்கப்புறம் எப்படி ஓட்டிக்கிட்டு வந்தேன்னு எனக்கே தெரியலம்மா. உனக்கும் அப்படி ஆகிடக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்."

என்னங்க, நம் பிள்ளை இதை மனதில் வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"இதை ஏண்டா முதல்லயே சொல்லல? கம்ப்யூட்டர் பழசாயிடுச்சுன்னு ஏன் ஆரம்பிச்சே?"

"சொன்னா நீ அழுவேன்னு நெனச்சேன்."

"நான் எப்ப அழுதேன்?"

சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். நீங்களும் அப்படித்தான் சிரிப்பீர்கள்.

ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஜெசிந்தாவின் ஊசிப் பொய் போல. எனக்கு வரவில்லை. "நீ வர்றதுக்குள்ள நான் போயிடலாம் முரளி," என்றேன். "உன் வீட்டுல, பக்கத்து ரூம்ல நீ தூங்கிட்டிருக்கும்போதும் போயிடலாம். அதுக்காக அது வரைக்கும் அந்த ரூம்ல காத்துக்கிட்டு உக்காந்திருக்க என்னால முடியாது. நான் அங்க விருந்தாளி. இங்க வீட்டுக்காரி."

"தினம் ஒரு தரமாவது உன்னைப் பாக்கணும்மா."

"பாரு. கிளாஸ் முடிஞ்சதும் நான் இதை அணைக்க மாட்டேன். நீ வா. உன் முகத்தைக் காட்டு, என் முகத்தைப் பாத்துக்கோ. இப்பதான் எத்தனை முகம் வந்தாலும் தாங்குதே."

தினமும் வருகிறான். சில நாள் பேச ஒன்றும் இருக்காது. அவன் அங்கே சப்பாத்தி சாப்பிடுவான், நான் இங்கே கீரை ஆய்வேன். மெல்லும்போது வாயை மூடு என்று ஐம்பதை நெருங்குகிறவனுக்குச் சொல்கிறேன். தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போகிறேன். திரும்பி வரும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டுத்தான் போகும் டிக்கெட்டை எடுத்தேன்.

நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்கு யார் பக்கம் பேசியிருப்பீர்கள்? அவன் பக்கமா, என் பக்கமா? பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இங்கே தனியாக ஏன் இருக்கிறாய் என்று இனி யார் கேட்டாலும் நான் காரணம் சொல்ல மாட்டேன். வகுப்பைக் காட்ட மாட்டேன், கம்ப்யூட்டரைக் காட்ட மாட்டேன், உங்கள் படத்தையும் காட்ட மாட்டேன். உடம்பு முடியாத நாள் வரும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கும் எங்கே போவது, எப்போது போவது என்பதை யாரும் எனக்காகப் பேசி முடிக்க விட மாட்டேன். நானே என் வாயால் சொல்வேன்.

இந்த வீட்டிலிருந்து,
உங்களைக் கட்டிக்கொண்டவள்,
முரளியின் அம்மா,
வசந்தா